அதிரசச் சண்டை, நேரலையில்

தீபாவளி சிறப்பு நகைச்சுவை நேரலையில், அன்று காலை உங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்கே நடித்துக் காட்டுவார்கள். பதம் தப்பி அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனதற்கு, நல்ல நாளும் அதுவுமாக மனைவி வானதியைத் தான் திட்டித் தீர்த்ததை வீட்டு டிவியில் பார்த்து, குமரகுரு விழுந்து விழுந்து சிரித்தான்.

வானதியாக நடித்தவள் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தாள். “நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்.” அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது.

குமரகுருவுக்கு ஒன்றும் புரியவில்லை. “காலையில நீ இப்படிச் சொல்லவே இல்லையே? இவங்களாச் சேர்த்துட்டாங்களா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வானதி திருதிருவென்று விழித்தாள்.

“நான் இன்னும் யார்கிட்டயுமே சொல்லலையேங்க!”