கிணற்றடியில் சாரா பீவி

சாரா பீவி வீட்டுக் கிணறு வற்றிவிட்டதாம். அதனால் தினமும் மத்தியானம் ஒரு மூட்டைத் துணியோடு கொல்லைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டு லூர்துராணியின் கிணற்றடிக்கு வந்துவிடுவாள்.

"ஓசித் தண்ணின்னா இப்படியா? நம்ம கிணத்தையும் வத்த வச்சிட்டுத்தான் ஓய்வா போல" என்று லூர்துராணியின் மாமியார் இருதயமேரி முணுமுணுப்பாள். முணுமுணுத்துவிட்டு, கன்னியர் மடத்துச் சமையலுக்குக் கிளம்பிவிடுவாள்.

லூர்துராணியின் புருஷனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வெள்ளைக்காரத் துரையிடம் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. வீட்டில் லூர்துராணியும், பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பச்சைப்பிள்ளையும்தான்.

அந்த நேரம்தான் அவளுக்குப் பயம். திருடனுக்கு இல்லை, பேய்க்கும் இல்லை. கிணற்றுக்கு.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அவளாக இல்லை. காரணமே இல்லாமல் அழுகை பொங்கியது. தூக்கம் போயே போச்சு. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, 'எழுந்திரு, போய்க் கிணற்றில் விழு' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்.

யாரிடம் சொல்ல? பைத்தியம் என்று லால்குடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே. அதிலும் மாமியார் வாய் இருக்கிறதே, சொல்லவே வேண்டாம்.

ஒருநாள் பிள்ளையைத் தூளியில் போட்டாள். கால் தானாகக் கொல்லைக்கு நடந்தது.

"வா தங்கச்சி, இந்த முனையைப் பிடி. பிழியணும்" என்றாள் சாரா பீவி.

லூர்துராணி சேலை முனையைப் பிடித்தாள். அதைப் பிழிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒன்றிலும் அழுக்கே இல்லை. இவள் போய்த் தொலைய மாட்டாளா என்று எரிச்சல் வந்தது. கண்டுபிடித்திருப்பாளோ, மாமியாரிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

நாள் போகப் போக அழுகை வடிந்தது. பிள்ளை சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. கிணற்றைப் பார்த்தால் தண்ணீர் இறைக்க மட்டும்தான் தோன்றியது. சாரா பீவியும் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஈஸ்டர் பலகாரம் கொடுக்க லூர்துராணி முதல்முறையாக அவள் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அந்த வெயில் காலத்திலும் கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் தளும்பியது.

"கிணறு எப்பக்கா ஊறிச்சு?"

"எப்ப வத்துச்சு, ஊறுறதுக்கு?"

லூர்துராணிக்குப் புரிந்துவிட்டது. கண்ணீர் கொட்டியது. "அப்ப என்னைப் பாத்துக்கத்தான் வந்தீங்களா? எங்க அத்தை உங்களை என்னவெல்லாம் பேசினாங்க..."

"உன்னை முதல்ல கவனிச்சதே அவங்கதான். தான் திட்டினாத்தான் உனக்குச் சந்தேகம் வராதுன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. பிள்ளை பெத்த உடம்பு கொஞ்ச நாள் அப்படித்தான் ஆட்டி வைக்கும், என்னையும் ஆட்டி வச்சுச்சு" என்ற சாரா பீவி, தன் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மூத்தவன் பொறந்தப்போ, தினமும் இந்தக் கிணத்தடியில வந்து துணி துவைச்சது உன் மாமியார்தான்."