ஊர்த்தெருவில் சைக்கிள்

"நிறுத்து, எறங்கிக்கிறேன்" என்றார் தாத்தா, கேரியரிலிருந்து.

ஊர்த்தெருவின் முனை வந்துவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பதினொன்றாம் வகுப்புக்கு அரசாங்கம் கொடுத்த புது சைக்கிள் அது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் கிழிக்கவில்லை. தாத்தாவைக் கேளம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட வேண்டும். செங்கல்பட்டுக்குக் கண் காட்டப் போகிறார்.

சின்ன வயதில் அவருடைய சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவேன். இதே முனையில் இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே வருவார். முன் பாரில் மாட்டிய குட்டி சீட்டில் நான் ஜம்மென்று உட்கார்ந்திருப்பேன். பாவம், தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

காலனிக்காரர்கள் இந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது என்றொரு வழக்கம் இருந்ததாம். ஒன்பதாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள்.

அன்றிலிருந்து தாத்தாவிடம் எனக்கு முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சமம் என்று உருகி உருகி ஜெபம் பண்ணுகிற பெஞ்சமின் தாத்தா, திங்கட்கிழமை இப்படியா பயந்து சாவது!

இப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள்? காலனிப் பையன்கள் இதே தெருவில் பைக்கில் பறக்கிறார்கள். இவருக்கு மட்டும் கால் தானாகத் தரைக்குப் போகிறது.

பிரேக் போட்டேன். அவர் இறங்கினார்.

வீம்புக்கு நானும் இறங்கினேன். நீ நடந்தால் நானும் நடக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அப்போதாவது உனக்கு ரோஷம் வருகிறதா பார்ப்போம் என்று.

தாத்தாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. என்னை ஒருநாளும் அதட்டாத மனுஷன், சைக்கிள் சீட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"ஏறுடி மேல! நீ ஒண்ணாவது படிக்கச்சொல்ல இங்கதான் ஊர்க்காரனுங்க நம்மள மறிச்சானுங்க. ரெண்டு பேரும் எறங்குங்கன்னானுங்க. நான் எறங்கிட்டேன். உன்ன எறக்க உடல."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு நாள் நடந்ததே என் நினைவில் இல்லை.

"சும்மாவா உட்டானுங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அன்னிக்கி நீ இஸ்கூலுக்கு லேட்டு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

என்ன மனுஷன் இவர்! இவரையா நான் இரண்டு வருஷமாகப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஏறி உட்கார்ந்தேன். ஏழு கழுதை வயசான என்னை அந்த எழுபது வயசுக்காரர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்.

தெரு முடியும்வரை நான் காலைத் தரையில் வைக்கவே இல்லை.