ஒரே அச்சு

அரியலூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரண்டாம் முறையும் ஊசி ரத்தமில்லாமல் வெளியே வருகிறது. ஜெசிந்தாவின் மார்பில் வந்த புற்று எலும்புவரை பரவிவிட்டது. அதன் மரபணு எப்படி மாறியிருக்கிறது என்று இனி ரத்தம்தான் சொல்ல வேண்டும். தெருவில் சிமெண்டு லாரி போக, மேசைமேல் குழாய்கள் கிணுகிணுக்கின்றன. "நரம்ப எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்கிறாள் ரத்தம் எடுக்கும் நர்மதா. மருந்தேறிக் கறுத்த கையை நீட்டியபடியே ஜெசிந்தா மெல்லக் கேட்கிறாள். "ஏம்மா, எம்பொண்ணுக்கும் வருமான்னு இதுல தெரிஞ்சிருமா?" "சில பேருக்குத் தெரியும்மா. டாக்டர் சொல்வாங்க." பக்கத்தில் நிற்கும் மகள் ஆனி ரோஸ் சுடிதார் கையைச் சுருட்டி, தன் கையைத் தாயின் கையோடு சேர்த்து வைக்கிறாள். "அக்கா, எனக்கு எப்பவும் இந்த எடத்துலதான் எடுப்பாங்க. எங்க ரெண்டு பேரு கையும் ஒரே அச்சு. அங்க குத்திப் பாருங்க." நர்மதா மகளின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாயின் கையில் அதே இடத்தைத் தடவுகிறாள். ஊசி இறங்குகிறது. குழாய்க்குள் ரத்தம் குபுக்கென்று பாய்கிறது. "பாத்தீங்களா, சொன்னேன்ல!" என்று சிரிக்கிறாள் ஆனி ரோஸ். ஜெசிந்தா ரத்தத்தைப் பார்க்கவில்லை. குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அருகருகே கிடக்கும் இரண்டு கைகளையே பார்க்கிறாள். "கைய எடுடி," என்கிறாள். "மொதல்ல எங்கையிலேருந்து ஒங்கைய எடு."