ஆறு சென்டிமீட்டர்

“என்னை வெளியே தள்ளத்தான் இந்தச் சட்டம்! வேற யாருக்காம்?”

லோகேஸ்வரி கைப்பேசியை நீட்டினாள். பட்டறையில் வாடிக்கையாளரின் வேனுக்கு அடியில் மல்லாந்திருந்த அவள் கணவன் ஹேமநாதனின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“படிச்சுச் சொல்லு. கையெல்லாம் கிரீஸ்.”

மலேசியாவின் ரெம்பாவ் ஊர்க் கார் பந்தயக் குழுவின் வாட்ஸ்அப் அறிவிப்பு அது. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘தரையிலிருந்து கூரை வரை 162 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டிகளுக்கு இந்த ஆண்டு அனுமதி இல்லை. இப்படிக்கு, செயற்குழு.’

“என் ஜீப்பு நூத்தி அறுபத்தெட்டு. மத்தவனுங்க எல்லாம் கார்தானே கொண்டு வர்றானுங்க? எனக்குன்னே அளவெடுத்துத் தச்சிருக்கானுங்க!”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. லிங்கி ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை. வாரத்தில் ஆறு நாள் சேற்றில் உழலும் அந்தக் குட்டி ஃபோர்வீல் ஜீப்பைக் கழுவி, போன வருடம் பந்தயத்துக்குக் கொண்டுபோனபோது அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பழைய ரப்பர் ஆலையின் தார் முற்றத்தில் வரிசையாக வைத்திருந்த கூம்புகளை அவள் வளைந்து வளைந்து கடந்தாள். கடைசி வளைவில் ஜீப்பின் இரண்டு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. குழுத் தலைவர் சத்தியசீலனை இரண்டு விநாடி வித்தியாசத்தில் முந்திக் கோப்பையைத் தூக்கினாள்.

“சத்தியசீலன் அண்ணன் வேலைதான் இது. பொம்பளைகிட்ட தோத்தது அவருக்கு இன்னும் செரிக்கல.”

“இருக்கும்.”

“இருக்கும்னா? பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை திட்ட மாட்டீங்களா?”

“திட்டினா உயரம் குறையுமா? இந்த வருசம் விட்டுடேன், லோகா. ஞாயித்துக்கெழம வீட்ல உக்காந்து டிவி பாப்போம்.”

அது போதுமாக இருந்தது அவளுக்கு.

“விடறதா? இறக்குங்க வண்டியை! ஆறு சென்டிதானே? இறக்கி, அவர் மூக்குக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தறேன்.”

“தோட்டத்து ரோட்டுல அடி தட்டும். பொறவு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“தட்டட்டும். வண்டிதான் இறங்குது. நான் இறங்கல லா!”

ஹேமநாதன் வெளியே வந்து கையைத் துடைத்தான். அலமாரிக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டான். உள்ளே நாலு குட்டை ஸ்பிரிங்குகள், அவற்றுக்கேற்ற ஷாக் அப்ஸார்பர்கள். பெட்டியின் மேல் அடையாகப் படிந்திருந்த தூசியை லோகேஸ்வரி ஒரே ஊதில் பறக்கவிட்டாள். கோபத்தில் மூச்சு நன்றாகவே வந்தது.

மூன்று மாலைகள் வேலை நடந்தது. ஜீப்பை ஜேக் போட்டுத் தூக்கி, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குட்டையானவற்றைப் பொருத்தினார்கள். அதில் ஐந்து சென்டி குறைந்தது. மீதி ஒன்றுக்குச் சின்ன டயர்.

“ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா அச்சு ஒரு பக்கமாத் தள்ளிக்கும். அச்சைப் புடிச்சிருக்கிற இந்தக் கம்பியையும் சரி பண்ணினாத்தான் வளைவுல நேராப் புடிக்கும்” என்றான் ஹேமநாதன். கம்பியை அவள் பிடித்துக்கொள்ள, அவன் முறுக்கினான்.

ஒவ்வொரு நட்டுக்கும் சத்தியசீலன் ஒரு வசவு வாங்கினார். “மொட்டைத் தலையன், தோல்விக்குப் பயந்தவன், ஆம்பளையா இவன்?” ஹேமநாதன் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நட்டையும் இரண்டாம் முறை இறுக்கினான்.

சனிக்கிழமை மாலை அளவு நாடா நூற்று அறுபத்தொன்றரை காட்டியது. லிங்கி சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தாள். பழைய துள்ளல் இல்லை. வளைவுகளில் வண்டி உடும்பாகத் தரையைப் பற்றிக்கொண்டு திரும்பியது.

“என்னங்க, முன்னைக்கு இப்ப இன்னும் வேகமாத் திரும்புது! அந்த மனுசன் தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கிட்டாரு!”

ஞாயிறு காலை. ஆலை வாசலில் இரண்டு கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். கூரை அதில் பட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். லோகேஸ்வரி ஜீப்பை ஊர்ந்து ஊர்ந்து நகர்த்தினாள். பக்கத்து இருக்கையில் ஹேமநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூங்கில் அசையவில்லை.

பெயர்ப் பட்டியலோடு நின்ற சத்தியசீலனுக்கு அருகில் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள்.

“என்ன அண்ணே, சட்டம் போட்டா ஓடிடுவேன்னு நெனச்சீங்களா? இன்னொண்ணு போடுங்க. அதுக்கும் கீழ நுழைஞ்சு வருவேன்!”

சத்தியசீலன் திகைத்தார். “என்னை ஏம்மா திட்றே? உன் ஜீப்பு சக்கரத்தைத் தூக்கினாத்தான் கூட்டம் வரும், சட்டமெல்லாம் வேணாம்னு நான் எவ்ளோ சொன்னேன் தெரியுமா? கமிட்டிக்கே வந்து, ரெண்டு மணி நேரம் சண்டை புடிச்சு, இந்தச் சட்டத்தைப் போட வச்சது உன் வீட்டுக்காரன் லா!”

லோகேஸ்வரி மெதுவாகத் திரும்பினாள். கண்கள் எரிந்தன.

“நீங்களா? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, என்னை வெளியே தள்ளப் பாத்தது நீங்களா?”

ஹேமநாதன் அவளுடைய இருக்கைப் பட்டையை இழுத்து, ஒரு முறை சுண்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

“கவுந்துடும், இறக்குன்னு நான் சொல்லியிருந்தா, நீ கேட்டிருப்பியா?”