பத்து எட்டு

சார் ஜோக்கை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் வகுப்பு சிரித்துவிட்டது.

"எங்க வீட்டுல சராசரித் தூக்கம் நாலு மணி நேரம்" என்பது வரைதான் வந்திருந்தார். நான் எட்டு மணி நேரம் குறட்டை விடுகிறேன், என் சம்சாரம் தூங்குவதே இல்லை என்பது இனிமேல்தான் வரவேண்டும்.

முப்பது பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஒன்றாக நிறுத்தினார்கள். குழாயைத் திறந்து மூடின மாதிரி.

மீதி ஜோக்கைச் சார் விழுங்கிக்கொண்டார்.

புள்ளியியல் சார் இந்த நாட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம். இங்கிருந்து ஒரு மேடம் போய் அவர் வகுப்பை எடுக்கிறார். மேடத்தின் வகுப்பை இவர் எடுக்கிறார். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. ஆனால் இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு குழு வந்து வகுப்பில் உட்காரும். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு.

ஜோக் மட்டும் என்றால் போகிறது என்று விட்டிருப்பார். இரண்டு முறை செருமினால் மூன்றாவது செருமலுக்கு முன் மேஜையில் வெந்நீர் வந்துவிடுகிறது. கரும்பலகையில் மூன்றாவது வரிக்குச் சாக்பீஸைக் கொண்டு போனதுமே, முன்பெஞ்சுப் பெண் காற்றோடு பேசுகிற மாதிரி, "மைனஸ், சார்" என்கிறாள். மைனஸை அவர் இன்னும் விடவே இல்லை. விடப்போகிறார், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் மனைவிக்கு போன் போட்டார்.

"நான் என்ன சொல்லப்போறேன்னு இங்க பிள்ளைங்களுக்கு முன்னாடியே தெரியுதுடி."

"எனக்கும்தான் தெரியும். இருபத்தேழு வருஷமா அதே குறட்டை ஜோக்தானே?"

"விளையாடாதே. சிரிக்கும்போது ஒருத்தரும் என்னைப் பார்க்கறதில்ல. என் தலைக்கு மேல எதையோ பார்க்குதுங்க. எல்லாரும், ஒரே இடத்தை."



"திரும்பிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சுவர்க் கடிகாரம்தான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"பேசாம கிளம்பி வந்துடுங்க."

"வந்து? மறுபடியும் அந்தக் கடைசி பெஞ்சு மரமண்டைகளோட மாரடிக்கவா?"

போனை வைத்ததும் நேரே இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"யாரோ என் நோட்டைத் திருடிப் படிக்கறாங்க மேடம். என்னை வச்சு விளையாடறாங்க."

"நோட்டு எங்க சார் வைப்பீங்க?"

"பைக்குள்ள. பூட்டி."

"பூட்டின பைக்குள்ள புகுந்தா படிப்பாங்க?" அந்த அம்மா கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு கண்வரை போகாத மாதிரி சாருக்குப் பட்டது. "பிள்ளைங்க சிரிச்சா சந்தோஷப்படுங்க சார். நாளைக்கு குழுவும் சிரிச்சா இன்னும் நல்லது."

அப்படியானால் இவளுக்கும் தெரியும்.

பைக்கு இரண்டாவதாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. குழுவின் மூன்று பேரும் பின்வரிசையில் கையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சார் பையை மேஜையில் வைத்தார். சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். புதுப் பூட்டின் சாவி, தங்கியிருந்த அறையின் கட்டில்மேல் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நோட்டு இல்லாமல் இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் பாடம் எடுத்ததில்லை.

ஏதோ பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் எப்படியோ ஓடியது. ஆறாவது நிமிஷம் இரண்டு முறை செருமினார். வெந்நீர் வந்தது. குடித்தும் குரல் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

"உன் புத்தகத்தைக் கொடும்மா" என்று முன்பெஞ்சுப் பெண்ணிடம் கையை நீட்டினார்.

"சார், இது வேண்டாம்..." அவள் முகம் வெளுத்தது. அதற்குள் புத்தகம் அவர் கைக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று மேஜையில் விழுந்தது.

யாரோ போட்டோ எடுத்து அனுப்பிய கடிதத்தின் நகல். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை விடைத்தாள்களை அவர் விசிறி எறிந்திருப்பார்!

'மேடம், இங்க பாடம் எடுக்க வந்த அன்னிக்கே எங்க சாரைப் பத்தி எழுதிக் கொடுக்கச் சொன்னீங்க. அவர் நல்லா நடத்துவார், ஆனா பயந்த சுபாவம். எந்தப் பாடமா இருந்தாலும் சரியா எட்டாவது நிமிஷம் ஒரு ஜோக் வரும். உங்க பிள்ளைங்களுக்குப் புரியலைன்னாலும் சிரிக்கச் சொல்லுங்க. சிரிக்கலைன்னா அவருக்குக் குரல் நடுங்கும், அப்புறம் பாடமே வராது. ரெண்டு தடவை செருமினா வெந்நீர். மூணாவது வரியில மைனஸை விடுவார். மெதுவா சொல்லணும், கத்தினா முகம் சுண்டிப் போயிடும்.

இதெல்லாம் நாங்க எழுதினதுன்னு சாருக்குத் தெரிய வேண்டாம். கிளம்பற அன்னிக்கு எங்களை வெளிய நிறுத்திட்டு, "அங்கயாவது மனுஷங்களுக்குப் பாடம் எடுக்கப் போறேன்"னு அவ்வளவு ஆசையா சொல்லிட்டுப் போனார்.

இப்படிக்கு, கடைசி பெஞ்ச்.'

சார் நிமிர்ந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். 

முப்பது ஜோடிக் கண்கள் மெல்ல அவர் தலைக்கு மேல் போயின. மணி பத்து எட்டு.

வகுப்பே சிரித்தது.