கண்ணை மூடாத காவல்

'டிக்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேரவன் அடங்கியது. சவரிமுத்து மறுபடி சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தமும் வரவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு. புதுசு எடுத்துட்டு வாங்க, இதைக் காயலான் கடையில போட்டுடலாம்" என்று மெக்கானிக்கிடம் போனில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"செத்துட்டீங்களாண்ணே?" என்றது மாதா படத்தைச் சுற்றியிருந்த சீரியல் பல்பு, சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டியபடி.

"சாகலைடா. ஒரு வாரமா மழை, வண்டியும் நகரலை. நீதான் ராப்பகலா என்னை உறிஞ்சுறே" என்றது பேட்டரி.

"சொட்டுச் சொட்டாத்தானே குடிக்கிறேன்! நான் கண்ணை மூடினா வண்டிக்கு யாருண்ணே காவல்?"

"நீ காத்த காவல்லதான் வண்டி கிளம்பலை. இன்னைக்கு வெயில் அடிக்குது. மேலே இருக்கிற சோலார் தகடு ஊத்துறதாவது என்கிட்ட தங்கட்டும். மூடு."

பொருத்திய நாளிலிருந்து சீரியல் பல்பு அணைந்ததில்லை. பச்சையை மூடினால் சிவப்பு திறந்துகொண்டது. பல்லைக் கடித்து இரண்டையும் மூடியது.

உச்சி வெயிலில் மெக்கானிக் புதுப் பேட்டரியோடு பைக்கில் வந்தான். "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாவியைப் போடுங்க" என்றான் சவரிமுத்துவிடம். அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

பேட்டரி சேர்த்ததையெல்லாம் ஒரே வீச்சில் கொடுத்தது. என்ஜின் உறுமியது. மரத்திலிருந்த காகங்கள் சிதறிப் பறந்தன.

"இதையா செத்துப்போச்சுன்னீங்க?" என்றான் மெக்கானிக்.

"அண்ணே, கண்ணைத் திறக்கலாமா?" என்றது சீரியல் பல்பு.

"இப்பத் திற. என்ஜின் ஓடுறவரைக்கும் எவ்வளவு வேணும்னாலும் குடி."

மெக்கானிக் புதுப் பேட்டரியைப் பைக்கின் பின்னால் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.