எடை போட்ட சனிக்கிழமை

படகுக் கொட்டகையின் உத்தரத்தில் மாட்டிய தராசிலிருந்து நெவிலின் படகு இரண்டு வார்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

எடை போடச் சொன்னது நான்தான். புகாராக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

எங்களுடையவை ஒற்றை ஆள் பாய்மரப் படகுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவுப் பாய். எடைக்குக் கீழ்வரம்பு உண்டு. படகு இலேசாக இருந்தால் உள்ளே ஈயப் பட்டைகளைத் திருகிச் சரிக்கட்ட வேண்டும்.

அந்தத் திருகாணிகளைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும்.

நெவில் இந்த கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறான். தொண்ணூற்றெட்டு கிலோ ஆள். காற்று பலமாக அடித்தால் நடுவில் வருவான். மெல்லிய காற்றில் அந்தக் கனத்தோடு எப்போதும் கடைசி. அவன் கரையேறும்போது நாங்கள் இரண்டாவது பீரில் இருப்போம்.

இந்தக் கோடையில் காற்றே இல்லை. விரிகுடா தகடுபோலக் கிடந்தது. நெவில் தொடர்ந்து ஐந்து சனிக்கிழமை முதலில் வந்தான். இன்றையதோடு இந்த வருடக் கோப்பை அவனுக்கு.

இரண்டாவது நான்.

மெலிந்திருந்தான், தெரியும். சர்க்கரையை விட்டுவிட்டதாகச் சொன்னான். எங்களில் அறுபதைத் தாண்டாதவன் யாருமில்லை. எல்லோரும் எதையாவது விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சர்க்கரையை விட்டதற்கெல்லாம் ஒரு படகு இப்படி ஓடாது.

"ஈயத்த எங்கடா ஒளிச்சு வச்ச, நெவ்?" என்றான் கார்த். தராசைப் படிப்பது அவன் வேலை.

நெவில் சுவரில் சாய்ந்து நின்றான். "மூடிக்கிட்டுப் படிடா."

கார்த் படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

கீழ்வரம்பைவிட மூன்று கிலோ அதிகம். பழைய மரம், தண்ணீர் குடித்திருந்தது. என் படகைவிடக் கனம்.

எனக்கு முகம் எரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். படகை இறக்கினோம். கார்த் அதோடு விடவில்லை.

"அப்ப திருட்டு படகுல இல்ல. ஆளத் தூக்கி மாட்டுங்கடா!"

இரண்டு பேர் நெவிலை இழுத்துவந்து வாரில் ஊஞ்சல்போல உட்கார வைத்தார்கள். அவன் தடுக்கவில்லை. ஈர ஜாக்கெட்டும் பூட்ஸும் அப்படியே இருந்தன.

கப்பிக் கயிறு என் கையில். எண்பது கிலோவாவது இருப்பான் என்று காலை ஊன்றி இழுத்தேன்.

பின்னால் விழப் பார்த்தேன்.

கார்த் தராசைப் பார்த்தான். சத்தமாகப் படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு.

பின்வரிசையில் விஷயம் தெரியாமல் ஒருவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் நிறுத்தினான்.

கயிற்றை விட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நெவில் கால் தரையில் படாமல் தொங்கியபடி என்னைப் பார்த்தான்.

"ஆளுக்குக் கீழ்வரம்பு எதுவும் இல்லல்ல?" என்றான். "அப்ப கோப்பை எனக்குத்தானே?"